மடித்த தாளும் எழுதிய கையும்: பினாங்கில் கையால் ஆக்கப்பட்ட குறிப்பேடுகள்

முன்னுரை

பினாங்குத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளையே நாடுகின்றனர். ஆங்கிலேய நிருவாகத்தார் விட்டுச்சென்ற ஆவணங்கள், அச்சேறிய நூல்களும் இதழ்களும், கோயில் பள்ளிவாசல் முதலியவற்றின் அறக்கட்டளைப் பத்திரங்களும் கல்வெட்டுகளும் என்பன அவை. நான்காவதாகவும் ஒரு சான்று உண்டு. தாளை மடித்து, தைத்து, அட்டையிட்டு, வீட்டிலோ கடையிலோ தம் தேவைக்கேற்ப மக்கள் ஆக்கிக்கொண்ட குறிப்பேடு அது. அச்சகத்தின் உதவியும் அரசின் இசைவும் அதற்கு வேண்டியதில்லை. அதனாலேயே அது பட்டியல்களில் இடம்பெறாமலும் போயிற்று.

எழுத்தும் ஓவியமும் கலந்த குறிப்பேடு ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் இன்று நம் மாணவர் சிலரிடையே பரவி வருகிறது. மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த பொழுதுபோக்கு என்றே ஆசிரியர் பலரும் இதனைக் கருதுகின்றனர். இக்கருத்து முற்றிலும் சரியன்று. கையால் ஏடு செய்வதும் அதில் கண்டதை எழுதிவைப்பதும் பினாங்குத் துறைமுகத்தின் தொடக்க காலத்திலிருந்தே அங்கு நிலவியவை. அவற்றில் தமிழ் மரபினரின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அவ்வேடுகள் எழுதப்பட்ட மொழியைக் கொண்டோ, எழுதுவித்த துரைமாரின் பெயரைக் கொண்டோ வகைப்படுத்தப்பட்டமையால், தமிழர் வரலாற்றின் கணக்கில் அவை வரவில்லை. இதனை விளக்குவதும், ஏடு செய்யும் தொழிலை நம் வகுப்பறைகளுக்கு மீண்டும் கொண்டுவருவதற்கான வழியைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் சுவடியும்

தாள் வருவதற்கு முன்பே ஏடு செய்யும் தொழில்நுட்பத்தில் தமிழர் தேர்ந்திருந்தனர். பனையோலையைத் தேர்ந்து, வேகவைத்து, உலர்த்தி, ஓரம் நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவது சுவடி. ஒரு துளையில் கயிறும் மற்றொன்றில் நாராசம் என்னும் உலோகக் குச்சியும் செருகப்படும். எழுத்தாணியால் கீறிய பின் கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவித் துடைத்தால் எழுத்துத் தெளிவுறும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய மாணவன் ஓலைக்கு வந்தபோது, ஓலையை எழுதுவதற்கு ஏற்றதாக்குவதும் அவன் கல்வியில் ஒரு பகுதியாயிற்று. எழுதுபவனும் ஏட்டைச் செய்பவனும் வேறுவேறாகப் பிரியாத காலம் அது.

காகிதம் வந்த பின்னரும் சொல் மாறவில்லை. ஏடு என்னும் சொல் ஓலையிலிருந்து தாளுக்கு இடம்பெயர்ந்தது. பேரேடு, நாளேடு, குறிப்பேடு, கையேடு என நாம் இன்று வழங்கும் சொற்களெல்லாம் பனையின் நினைவைச் சுமப்பவையே. காகிதம் என்ற சொல் பாரசீக வழியாகவும் கடுதாசி என்ற சொல் போர்த்துகீசிய வழியாகவும் நம்மிடம் வந்தன என்பர். மலாய்மொழியோ கெர்த்தாஸ் என்னும் சொல்லை அரபியிலிருந்து பெற்றது. பொருள் கடல் கடந்து வந்த வழியைச் சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன.

ஓலைச்சுவடிக்கும் தாளேட்டிற்கும் உள்ள முக்கிய வேறுபாடு மடிப்பிலேயே உள்ளது. ஓலையை மடிக்க இயலாது. ஓர் ஓலை ஓர் ஏடு. தாளை நடுவில் மடித்தால் ஒன்று இரண்டாகும். நான்கு தாள்களை ஒன்றனுள் ஒன்றாக வைத்து மடித்தால் எட்டு இதழ்களும் பதினாறு பக்கங்களும் கொண்ட ஒரு கட்டு அமையும். அக்கட்டின் மடிப்பில் நூலோட்டித் தைத்துவிட்டால் ஒரு சிறு ஏடு தயார். கத்தியும் ஊசியும் நூலும் இருந்தால் கப்பலில் அமர்ந்துகூட இதனைச் செய்துகொள்ளலாம். துறைமுக நகரொன்றில் இந்த எளிமை எத்துணைப் பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1811: இரண்டு குறிப்பேடுகள்

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பினாங்கை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். கெடாவில் முன்பே வணிகம் செய்துவந்த சூலியர் எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் தொடக்கத்திலேயே அங்குக் குடியேறினர். 1794இல் லைட் எழுதிய அறிக்கையொன்று தீவில் சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் இருந்தனர் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து சென்றனர் என்றும் கூறும். கடைக்காரர், படகோட்டி, கூலியாள் ஆகியோரோடு எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் அவர்களுள் இருந்தனர். துறைமுகத்தின் பொதுமொழி மலாய். தமிழும் மலாயும் அறிந்து, சாவி எழுத்தில் தேர்ந்த கை துறைமுகத்தில் மதிப்புடைய கையாயிற்று.

அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் அகமது ரிஜாலுதீன். தந்தையார் ஹக்கிம் லோங் பக்கீர் கண்டு. லைட்டின் வணிகக் கூட்டாளியான ஜேம்ஸ் ஸ்காட்டின் மகன் ராபர்ட் ஸ்காட்டுடன் 1810இல் கல்கத்தாவிற்குப் பயணமான அகமது, தாம் கண்டவற்றை 1811இல் மலாய்மொழியில் எழுதினார். 'ஹிக்காயாட் பெரிந்தா நெகிரி பெங்கால' என்பது அந்நூல். அரசர்களின் கதைகளையே பெரிதும் கூறிவந்த ஹிக்காயாட் மரபில், தாமே சென்று கண்ட ஒரு நகரத்தின் கடைத்தெருவையும் துறையையும் கோட்டையையும் விவரிப்பது அன்று புதுமை. மலாய் உரைநடையின் வரலாற்றை ஆராய்வோர் முன்ஷி அப்துல்லாவுக்கு முந்திய முயற்சியாக இதனை மதிப்பது அதனாலேயாம்.

அதே 1811இல் மற்றொரு குறிப்பேடு பினாங்கிற்கு வந்தது. ஜேம்ஸ் வாத்தன் என்பார் இங்கிலாந்தின் ஹெரிஃபர்டு நகரத்தவர். கையுறை வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். அறுபது வயதளவில், ஓவியம் வரையும் ஆர்வத்தால் கம்பெனிக் கப்பலான 'ஹோப்'பில் ஏறினார். சென்னையையும் பினாங்கையும் கண்டு சீனத்திற்குச் சென்றார். வழிநெடுகப் பார்த்ததை எழுதினார், எழுதியவாறே வரைந்தார். இக்காலத்தார் கலைக் குறிப்பேடு என்று எதனைச் சொல்கின்றனரோ அதுவே அவர் கையில் இருந்தது எனலாம். பினாங்கில் அமீ என்னும் சீனருக்குரிய ஆலையை அவர் வரைந்த படம் இன்றும் தீவின் தொடக்க கால வரலாற்றுக்குச் சான்றாகிறது. அவருடைய பயணநூல் 24 வண்ணப்படங்களோடு 1814இல் இலண்டனில் அச்சேறியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒரே ஆண்டு, ஒரே தீவு. வெளியிலிருந்து வந்தவர் தீவை வரைந்தார். தீவிலிருந்து சென்றவர் வெளியூரை எழுதினார். வாத்தனுடைய குறிப்பேடு மூன்றே ஆண்டுகளில் அச்சு கண்டது. அகமதுவின் நூலோ, சி. ஸ்கின்னர் என்னும் அறிஞர் 1982இல் ஹேக் நகரிலிருந்து பதிப்பித்து வெளியிடும்வரை 171 ஆண்டுகள் கையெழுத்தாகவே கிடந்தது. பார்வையின் கூர்மையில் இருவருக்கும் குறைவில்லை. ஒருவருக்குச் செதுக்கோவியரும் பதிப்பாளரும் வாய்த்தனர், மற்றவருக்கு வாய்க்கவில்லை. வாத்தன் ஒரு காட்சியைக் காட்டி நிறுத்திக்கொள்ளும் இடத்தில், துறைமுக மரபில் வந்த அகமதுவின் கண் கப்பலையும் கடையையும் ஆளுவோரின் நடைமுறையையும் தேடிச் செல்கிறது. வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவரிடம் இதனை எதிர்பார்க்கலாம்.

அகமதுவின் நூலைத் தமிழர் எழுத்து என்று உரிமை கொண்டாடலாமா என்னும் வினா இங்கு எழும். அது மலாய் இலக்கியம், அதில் ஐயமில்லை. அதனைத் தமிழிலக்கிய வரலாற்றில் சேர்க்க முயல்வது வீண்வேலை. ஆனால் தமிழர்தம் எழுத்துப் பண்பாட்டின் வரலாறு என்பது தமிழிலக்கிய வரலாற்றினும் அகன்றது. சோழமண்டலக் கரையின் குடும்பமொன்று இரண்டு தலைமுறைக்குள் மற்றொரு மொழியில் முன்னோடி உரைநடையாளர் ஒருவரைத் தந்தது எவ்வாறு என்பது நம் துறையில் கேட்கப்படவேண்டிய வினா. மலாய் ஆய்வுத்துறையினர் அதனைக் கேட்டுவிட்டனர். நாம் இன்னும் கேட்கவில்லை.

எழுதிய கைகள்

அகமதுவின் சகோதரர் இப்ராகிம், பினாங்கில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸின் எழுத்தராகப் பணியாற்றியவர். 1805இல் துணைச் செயலாளராகப் பினாங்கு வந்த ராஃபிள்ஸ் மலாய் கற்று, சுவடிகளைத் தேடித் திரட்டலானார். கிடைக்காத சுவடிகளைப் படியெடுக்க உள்ளூர் எழுத்தர்கள் அமர்த்தப்பட்டனர். 1811இல் அவர் மலாக்காவில் தங்கியிருந்தபோது அவ்வேலை எவ்வாறு நடந்தது என்பதை நேரிற் கண்ட முன்ஷி அப்துல்லா தம் வரலாற்றில் எழுதியுள்ளார். சிலர் நூல்களைப் படியெடுத்தனர். சிலர் கடிதங்கள் எழுதினர். சிறுவராயிருந்த அப்துல்லாவும் அவர்களோடு அமர்ந்து எழுதினார்.

அப்துல்லாவின் குடும்ப வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்குத் தமிழ்ப் பெண்ணை மணந்தவர் அவருடைய மூதாதை. தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாயிருந்ததையும், கணக்கு எழுதவும் வணிகரோடு பேசவும் அது பயன்பட்டதையும் அப்துல்லா கூறுகிறார். தமிழாசிரியர்கள் இப்பகுதியை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் அந்நாளில் மலாக்காவில் வீட்டுமொழியாக மட்டும் இருக்கவில்லை. பிறரும் பயன்கருதிக் கற்ற துறைமுக மொழியாகவும் இருந்தது. அதே சிறுவர் மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியப் படைவீரர்களுக்குக் குர்ஆனைப் படியெடுத்துக் கொடுத்துப் பொருளீட்டினார். முன்ஷி என்னும் பெயரும் அவர்களிடமிருந்தே வந்தது. கையால் எழுதப்பட்ட ஏடு அன்று விலையுள்ள பொருள். எழுதும் கை வாழ்க்கைக்கு வழி.

இக்கைகள் ஆக்கியவற்றுள் எவை எஞ்சின, எவை அழிந்தன என்பதைத் தீர்மானித்தவை அவற்றின் தகுதிகள் அல்ல. ராஃபிள்ஸ் திரட்டியவற்றுள் பெரும்பகுதி 1824 பிப்ரவரி 2ஆம் நாள் பென்கூலனுக்கு அப்பால் 'ஃபேம்' என்னும் கப்பலோடு எரிந்துபோயிற்று. அச்செய்தி கேட்டு அப்துல்லா வருந்தியமை அவர் நூலில் பதிவாகியுள்ளது. அகமதுவின் கையெழுத்தேடோ ஜான் குரோஃபர்டின் சேகரிப்பைச் சேர்ந்தது. அச்சேகரிப்பு 1842இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டதால் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. எந்தத் துரையின் பெட்டியில் ஏறியது என்பதே ஏட்டின் ஆயுளை வரையறுத்தது. அந்நூலகத்தின் மலாய்ச் சுவடிகள் 2010களில் எண்ணிமப் படங்களாக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அந்நூலகத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது அப்படங்களும் நெடுங்காலம் பார்வைக்குக் கிட்டாமற் போயின என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். 1811இன் தாளுக்கு அப்போதும் ஒன்றும் நேரவில்லை.

பெட்டியடியில் பேரேடு

மலாயில் எழுதப்பட்டவற்றைப் பார்த்தோம். தமிழிலேயே எழுதப்பட்ட கையேடுகளுள் பினாங்கில் மிகுதியாக இருந்தவை நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கேடுகளே. பினாங்குத் தெருவிலும் அதனையடுத்த பகுதிகளிலும் அமைந்த கிட்டங்கிகளில், தரையில் வரிசையாகப் பெட்டிகளை இட்டு, பெட்டியொன்றுக்கு ஒரு கடையாக அவர்கள் வட்டித்தொழில் நடத்தினர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை அமைந்திருந்தது. முகவராக வந்தவர் பெரும்பாலும் மூன்றாண்டு தங்கிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரியும். ஐந்தொகையில் எல்லாம் கூடிச் சரிபார்க்கப்படும். தமிழ் எண்களும் மா, காணி, முந்திரி முதலிய கீழ்வாய்ப் பின்னங்களும் அறியாதவரால் பழைய ஏடுகளைப் படிக்க இயலாது. இன்றைய பட்டதாரி ஆசிரியருள்ளும் இவற்றைப் படிக்கவல்லவர் மிகச் சிலரே.

இவ்வுலகைப் படிப்பவர் கண்முன் நிறுத்தியவர் ப. சிங்காரம். 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குச் சென்று செட்டியார் கடையில் பணிபுரிந்த அவர், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்களில் மேடானையும் பினாங்கையும் களமாக்கினார். கணக்கெழுதிய கை நாவல் எழுதியதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை. எனினும் அந்தக் கடைகளில் எழுதப்பட்ட உண்மையான ஏடுகள் ஆய்வுக்கு எளிதிற் கிட்டுவதில்லை. அவை கடை முதலாளியின் ஊருக்கே திரும்பின. அங்கிருந்து சில ஆய்வாளர் கைக்கு வந்தன. சில காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் அலங்காரப் பொருளாக விலைபோகின்றன.

கணக்கேடு வெறும் தொகைகளின் வரிசைதானே, அதில் வரலாறு எங்கிருந்து வரும் என்பார்க்கு, அதே சோழமண்டலக் கரையில் விடை உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, வணிகரின் கணக்கெழுதும் பழக்கத்திலிருந்து கிளைத்ததே. நாள், கிழமை, வேளை, வந்த கப்பல், கேட்ட செய்தி, கொடுத்த பணம் என்று தொடங்கும் பதிவு, மெல்ல மெல்ல ஆளுநரின் மனநிலைக்கும் ஊராரின் அச்சத்துக்கும் விரிகிறது. பேச்சுத்தமிழ் அப்படியே தாளில் இறங்குகிறது. யாருக்காகவும் எழுதப்படாத அந்த ஏடுகள் 1846இல் கலுவா மோம்பிரேன் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. இடையிடையே பல நாட்களின் பதிவுகள் இல்லை. சில ஏடுகள் காணாமற் போயிருத்தல் வேண்டும்.

பினாங்கிலும் இத்தகையோர் இருந்திருக்க மாட்டார்களா என்னும் வினா இயல்பானதே. எழுதத் தெரிந்த வணிகர் இருந்தனர், தாள் இருந்தது, சொல்லத்தக்க செய்திகளும் இருந்தன. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தும் அளவுக்கு அங்குப் படிப்போரும் எழுதுவோரும் இருந்தனர். அவர்களின் வீட்டு ஏடுகளுக்கு நேர்ந்தது என்ன? ஒரு காரணத்தை மட்டும் உறுதியாகக் கூற இயலும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதற்கான சட்டம் 1997இல் வந்தது. 2000 தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை உயர்ந்ததும் குடும்பங்கள் வெளியேறின. வெளியேறும் வீட்டில் முதலில் கழிக்கப்படுவது மாடியறையில் கிடக்கும் பழந்தாள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமையாக அறிவித்தபோது கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. அவற்றுள் இருந்த ஏடுகளுக்கு அது எட்டாண்டு பிந்திய காவல்.

வீட்டில் ஓர் ஏடு செய்தல்

வரலாற்றுக் கட்டுரையொன்றில் செய்முறை கூறுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஓர் ஏட்டைத் தாமே தைத்துப் பார்க்காதவர்க்குப் பழைய ஏட்டின் அமைப்பு புலப்படாது என்பது என் துணிபு. எந்தக் கட்டில் இதழ் குறைகிறது, எங்கே கிழித்தெடுக்கப்பட்டது, எது பின்னர்ச் செருகப்பட்டது என்பவற்றைக் கண்டறிய மடிப்பையும் தையலையும் அறிந்திருத்தல் வேண்டும். மேலும் இது இடைநிலைப்பள்ளி மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

தாளைத் தேர்வதில் கவனம் தேவை. ஒவ்வொரு தாளிலும் நார்கள் ஒரு திசை நோக்கி அமைந்திருக்கும். அத்திசையில் மடித்தால் தாள் எளிதில் மடியும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். மடிப்பு நாரோட்டத்துக்கு இணையாக அமைய வேண்டும். இல்லையேல் பினாங்கின் ஈரக்காற்றில் பக்கங்கள் நெளிந்து ஏடு மூடாமல் நிற்கும். மைக்கும் பென்சிலுக்கும் சற்றுத் தடித்த எழுதுதாள் போதும்; நீர்வண்ணம் தீட்டுவதாயின் ஓவியத்தாள் வேண்டும்.

நான்கு தாள்களை ஒன்றாக மடித்து, மடிப்பில் நடுவே ஒன்றும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மூன்று துளைகளைக் குத்தூசியால் இடவேண்டும். மெழுகுவத்தியில் இழுத்த பருத்தி நூலை ஊசியிற் கோத்து, நடுத்துளையின் உட்புறத்திலிருந்து வெளியே இழுத்து, மேல்துளை வழியாக உள்ளே கொணர்ந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே விட்டு, மீண்டும் நடுத்துளையில் உள்ளே நுழைத்து, நெடுந்தையலின் இருபுறமும் நூல்முனைகள் நிற்குமாறு முடிச்சிட வேண்டும். இதுவே ஒரு கட்டு ஏடு. பல கட்டுகளைச் சேர்ப்பதாயின் முதுகில் துணிப்பட்டை வைத்து அதனோடு சேர்த்துத் தைப்பர். கம்பி ஊசி அடிக்கும் கருவியைப் பயன்படுத்துவது எளிது. ஆனால் நம் தட்பவெப்பத்தில் அக்கம்பி சில ஆண்டுகளில் துருவேறித் தாளைத் தின்றுவிடும்.

அட்டையை ஒட்டுவதற்குக் கோதுமை மாவை ஐந்து மடங்கு நீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதுமானது. பூச்சி அரிக்காதிருக்கப் பழைய கட்டுநர்கள் அதில் துத்தம் கலப்பர். துத்தம் நச்சுப்பொருள் ஆதலின் வகுப்பறையில் அதனைத் தவிர்க்க வேண்டும். மேலட்டைக்குத் துணி வேண்டுமென்றால் பழைய கைலியொன்றைப் பயன்படுத்துமாறு கூறுவேன். மலாயில் அதன் பெயர் காயின் பெலிக்காட். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரே பெலிக்காட் ஆயிற்று. ஏட்டின் அட்டையிலேயே சோழமண்டலக் கரைக்கும் இத்தீவுக்கும் இடையிலான நெசவு வணிகத்தைப் பாடமாக்கிவிடலாம். மாணவர் இதனை எளிதில் மறப்பதில்லை.

படங்களையும் சீட்டுகளையும் ஒட்டும் எண்ணமிருந்தால் தைக்கும்போதே ஒரு விரலகலத் தாள்கீற்றுகளை இடையிடையே மடிப்பில் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். ஒட்டப்படுவனவற்றின் தடிப்பை அக்கீற்றுகள் ஈடுசெய்யும். ஏடு வயிறு பருத்து வாய்பிளக்காது. ஒட்டுநாடா கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளித்துக் கழன்றுவிடும். கறை மட்டும் நிற்கும். எழுதுவதற்குப் பென்சிலோ கரிமை சார்ந்த மையோ ஏற்றது. பழைய ஆவணங்களில் எழுத்துகள் இருந்த இடமே ஓட்டையாகியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். இரும்பும் மாசிக்காயும் கலந்த மையின் வேலை அது. நம் முன்னோர் ஓலையில் தடவிய கரிக்கு அக்குறை இல்லை.

எதை எழுதுவது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். ஆசிரியர் வற்புறுத்த வேண்டியவை இரண்டே. முதற்பக்கத்தில் பெயர், ஊர், நாள் மூன்றும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் நாளிடுதல் வேண்டும். நாளில்லாத ஏட்டால் வரலாற்றாய்வாளன் படும் இடரைத் துறையினர் அறிவர். பாட்டியிடம் கேட்ட சமையல் முறை, தெருவில் மறையும் கடைப்பலகையின் எழுத்து, வாசற்கோலம், கோயில் தேரின் அச்சு என எதுவும் அதில் இடம்பெறலாம். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் தடுக்க வேண்டாம். பக்கீர் கண்டுவின் பிள்ளைகள் அப்படித்தான் வாழ்ந்தனர். கட்டுரைப் பயிற்சியாகக் கருதித் திருத்தி மதிப்பெண் இடுவதையும் தவிர்த்தல் நலம். சிவப்பு மையைக் கண்ட பின் எந்தப் பிள்ளையும் தன் ஏட்டில் உண்மையை எழுதுவதில்லை.

தேடவேண்டியவை

மாணவர் புதிய ஏடுகளைச் செய்யும்போதே பழையனவற்றையும் அவர்களைக் கொண்டு தேடச் செய்யலாம். கடன் குறிப்பு, மருந்துக் குறிப்பு, நாடகப் பாட்டு எழுதிய நோட்டு, கல்யாண மொய் எழுதிய ஏடு, அரபுத்தமிழில் எழுதிய தொழுகைக் குறிப்பு எனப் பலவும் வீடுகளில் கிடக்கக்கூடும். அரபு எழுத்தில் இருப்பதால் தமிழன்று எனத் தமிழர் ஒதுக்குவதும், தமிழாக இருப்பதால் புரியாதென மலாய் பேசும் பேரப்பிள்ளைகள் ஒதுக்குவதும் அரபுத்தமிழ் ஏடுகளுக்கு நேர்கின்ற இரட்டைக் கேடு. அவற்றைத் துறை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுகூட இல்லை. உடையவரிடமே இருக்கட்டும், முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை, வெற்றுப்பக்கம் உட்பட, வரிசை குலையாமல் படமெடுத்து, எந்த வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் போதும்.

அவ்வாறு படமெடுக்கும்போது மாணவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. எழுத்துள்ள பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு, கிழிந்த அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவர். ஏடு கட்டுவோர் முதுகுக்கும் அட்டையின் உட்புறத்துக்கும் பல வேளைகளில் கழிவுத்தாளைப் பயன்படுத்தினர். பழைய செய்தித்தாள், பிழைபட்ட அச்சுத்தாள், விளம்பரம் எதுவும் அதற்கு ஆகும். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டில் அச்சான தமிழிதழ்களின் ஒரு துண்டேனும் இனிக் கிடைக்குமாயின், அது ஏதேனும் ஒரு கடைக்கணக்கின் அட்டைக்குள் ஒட்டப்பட்டதாகவே இருக்கக்கூடும். ஆகவே ஏட்டைத் திறப்பதற்கு முன் அட்டையின் உட்புறத்தைப் படிக்க வேண்டும்.